காலை ஆறு மணிக்கு ஒரு பக்கம்

வீட்டில் கலர் பிரிண்டர் இருக்கிறதா? பையனின் ஸ்கூல் ப்ராஜெக்ட், ரயில் டிக்கெட், அடையாள அட்டை நகல் என்று முதல் இரண்டு மாதம் அமர்க்களமாக ஓடியிருக்கும். அப்புறம் மேலே ஒரு துணியைப் போட்டு மூடியிருப்பீர்கள். திடீரென்று ஒருநாள் ராத்திரி அவசரத்துக்கு உசுப்பினால், சிவப்பு வராது. நீலம் கோடு கோடாக வரும். மஞ்சள் எங்கே போனது என்றே தெரியாது.

காரணம் ரொம்ப சாதாரணம். இங்க்ஜெட் பிரிண்டரின் தலைப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னத் துளைகள். சும்மா விட்டால் மை அங்கேயே காய்ந்து அடைத்துக்கொள்கிறது. வைத்தியமும் சாதாரணம்தான். வாரத்துக்கு ஒரு முறை, எல்லா வண்ணமும் இருக்கிற மாதிரி ஒரே ஒரு பக்கம் அச்சடித்துவிட்டால் போதும்.

சரி, இதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? நம்மால் ஆகாது. கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடலாம். திங்கள்கிழமை காலை ஆறு மணி. நீங்கள் இன்னும் போர்வைக்குள் இருக்கிறீர்கள். ஹாலில் கர்ர் என்று ஒரு சத்தம். ஒரு பக்கம் வந்து விழுகிறது. அவ்வளவுதான்.

இந்தச் சின்ன வேலைக்கு உங்கள் கம்ப்யூட்டருக்குள் இரண்டு சிப்பந்திகள் உண்டு. ஒருவர் கடிகாரம் பார்க்கிறவர். விண்டோஸில் அவருக்கு டாஸ்க் ஷெட்யூலர் என்று பெயர். மற்றவர் வரிசை பார்க்கிறவர். பிரிண்ட் ஸ்பூலர். முதலாமவர் மணி ஆனதும் வேலையைக் கிளப்பிவிடுவார். இரண்டாமவர் அதை வாங்கி வரிசையில் வைத்து, பிரிண்டர் தயாரானதும் ஒவ்வொன்றாக அனுப்புவார். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. அவர்கள் இருப்பதே பல பேருக்குத் தெரியாது.

இரானின் அணுசக்தி ஆலைக்குள் புகுந்து கலக்கிய ஒரு வைரஸுக்கு இந்த இரண்டு பேருமே கதவு திறந்துவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? டாக்காவில், தானாக அச்சடித்துக்கொண்டிருந்த ஒரு பிரிண்டர் பேசாமல் இருந்த ஒரே காரணத்தால், நாட்டின் மத்திய வங்கியிலிருந்து கோடிகள் பறந்தது வெளியே தெரியத் தாமதமானது என்றால்? நம்பித்தான் ஆகவேண்டும். ஆனால் அதற்கு முன்னால் இந்தச் சிப்பந்திகள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்துவிடுவோம்.

வருடம் 1960. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களும் ராணுவமும் ஐ.பி.எம். 7090 என்ற கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தன. ஆமாம், வாடகைக்குத்தான். விலை கொடுத்து வாங்குவதென்றால் 29 லட்சம் டாலர். வாடகை, மாதத்துக்கு 63,500 டாலர். காமர்ஸ் படித்தவனுக்கு இந்த மாதிரி எண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. மாதம் முப்பது நாளும், நாளுக்கு 24 மணி நேரமும் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடுவதாக வைத்துக்கொண்டாலும், மணிக்கு 88 டாலர் வருகிறது.

அந்த இயந்திரம் விநாடிக்கு இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கூட்டல்களைப் போடும். ஆனால் விடையைக் காகிதத்தில் கொடுக்க வேண்டுமே? அந்தக் காலத்துப் பிரிண்டர்களில் கெட்டிக்காரப் பிரிண்டர் என்று பெயரெடுத்தது ஐ.பி.எம். 1403. நிமிடத்துக்கு 600 வரி. அதாவது விநாடிக்குப் பத்து. மனிதக் கண்ணுக்கு அசுர வேகம். 7090-க்கோ அது ஆமை. ஒரே ஒரு வரி அச்சாகிற நேரத்தில் அது இருபதாயிரம் கூட்டல் போட்டிருக்கும். மணிக்கு 88 டாலர் வாடகை கொடுத்துவிட்டு, அதைப் பிரிண்டர் வாசலில் கைகட்டி நிற்க வைப்பதா?

முதலில் கண்டுபிடித்த வழி, நம்மூர் அலுவலக வழிதான். கலெக்டர் கையெழுத்துப் போடுவார். காகிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறொருவர் வேலை. அதே மாதிரி, 7090 விடைகளை எல்லாம் விறுவிறுவென்று ஒரு காந்த நாடாவில் எழுதித் தள்ளிவிடும். ஆபரேட்டர் அந்த நாடாச் சுருளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய், பக்கத்தில் இருக்கும் 1401 என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் மாட்டுவார். 1959 அக்டோபரில் ஐ.பி.எம். அறிவித்த இயந்திரம் அது. வாடகை மாதம் 2,500 டாலரில் ஆரம்பம். அது உட்கார்ந்து நிதானமாக அச்சடித்துக்கொண்டிருக்கும். பெரியவருக்குக் கணக்கு, சின்னவருக்குக் காகிதம்.

ஆனால் நாடாவைத் தூக்கிக்கொண்டு நடக்கிற மனிதர் நடுவே இருக்கிறாரே? அவரையும் எடுத்துவிட முடியாதா? முடியும் என்று 1960-களில் கண்டுகொண்டார்கள். ஒரே கம்ப்யூட்டர், விடையைத் தன்னிடமே ஒரு ஓரத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அடுத்த வேலைக்குப் போய்விடும். நடு நடுவே கிடைக்கிற துளி நேரத்தில், சேர்த்து வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிண்டருக்கு ஊட்டிவிடும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கம்ப்யூட்டர் 1962 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்டபோது இந்த வித்தை அதற்குள் இருந்தது. அமெரிக்காவில் நாசாவின் ஹூஸ்டன் மையத்தில், நிலாப் பயணத்துக்கான கணக்குகள் மலையாகக் குவிந்துகொண்டிருந்த நேரத்தில், ஐ.பி.எம். ஆட்கள் இதற்கென்றே ஒரு மென்பொருள் எழுதினார்கள். பெயர் ஹாஸ்ப். ஹூஸ்டன் ஆட்டோமேட்டிக் ஸ்பூலிங் பிரியாரிட்டி என்பதன் சுருக்கம். அதன் நேரடி வாரிசு ஜெஸ்-2 என்ற பெயரில் இன்றைக்கும் ஐ.பி.எம். மெயின்ஃப்ரேம்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த ஸ்பூலிங் என்ற சொல்தான் உங்கள் வீட்டு ஸ்பூலர். நூல் சுற்றி வைக்கிற கட்டைக்கு ஆங்கிலத்தில் ஸ்பூல். நாடாச் சுருளுக்கும் அதே பெயர். இல்லையில்லை, அது 'சைமல்டேனியஸ் பெரிஃபெரல் ஆபரேஷன்ஸ் ஆன்லைன்' என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துகள் என்பார்கள். சுருளைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டு, அப்புறம் பெயருக்கு விரிவுரை எழுதிய மாதிரிதான் எனக்குப் படுகிறது. நம்மூர் அரசுத் திட்டங்களுக்குப் பெயர் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

நமக்கும் இந்த வரிசையில் நின்ற அனுபவம் உண்டு. 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 வந்தது. துளையிட்ட அட்டைகளை ஒரு கட்டாகக் கொடுத்துவிட்டு, காகிதம் எப்போது வரும் என்று காத்துக் கிடந்த மாணவர்களுக்கு இன்று எழுபது வயது. ஒரு அட்டையில் கமா விட்டுப்போயிருந்தால், திரும்பவும் வரிசையின் வாலுக்குப் போகவேண்டியதுதான்!

வரிசை பார்க்கிறவர் கதை ஆயிற்று. கடிகாரம் பார்க்கிறவர் யார்?

அவர் பிறந்த இடம் பெல் ஆய்வகம். நியூ ஜெர்சியில் மர்ரே ஹில் என்ற ஊர். 1969-ல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அங்கே யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை ஆரம்பித்தார்கள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கித் தரச் சொன்னால் நிர்வாகம் மசியவில்லை. ஏற்கெனவே மல்டிக்ஸ் என்ற பெரிய திட்டத்தில் பணத்தைக் கொட்டிக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் இவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். இயங்குதளம் என்ற வார்த்தையையே எடுக்காமல், ஆவணங்களைத் தட்டச்சு செய்து அழகாக அச்சடிக்க ஒரு வசதி செய்து தருகிறோம் என்றார்கள். ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவுக்கு அப்போது அதுதான் தலைவலி. காப்புரிமை விண்ணப்பத்தின் பக்கங்களில் வரிக்கு வரி எண் போட்டிருக்க வேண்டும். ஒரு வரியைத் திருத்தினால் மொத்தமும் மாறும். யூனிக்ஸ்காரர்களின் ராஃப் என்ற நிரல் அதைத் தானாகவே செய்தது. புதுக் கம்ப்யூட்டரும் கிடைத்தது. இன்றைக்கு உலகத்தின் பெரும்பாலான சர்வர்களை ஓட்டுகிற யூனிக்ஸ் பரம்பரை, தன் முதல் சோற்றைச் சம்பாதித்தது பக்கம் அச்சடித்துத்தான்.

1979-ல் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் க்ரான் என்று ஒரு சின்ன நிரல் இருந்தது. எழுதியவர் கென் தாம்சன். காலத்தைக் குறிக்கும் க்ரோனோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதன் வாழ்க்கை ரொம்ப எளிமையானது. நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்திருக்கும். பட்டியலைப் பார்க்கும். இந்த நிமிடத்துக்கு வேலை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கிளப்பிவிடும். இல்லாவிட்டால் திரும்பத் தூங்கிவிடும். பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து கட்டங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. நம்முடைய திங்கள் காலை ஆறு மணியை அதில் எழுதினால் இப்படி இருக்கும்: 0 6 * * 1. நட்சத்திரம் போட்டால் 'எதுவானாலும் சரி' என்று பொருள். ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் இது பலிக்கும்.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஒரு சிக்கல் வந்தது. ஒரே கம்ப்யூட்டரில் நூறு பேர் வேலை செய்கிற இடம். ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தால், நிமிடத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் படித்துப் பார்ப்பதிலேயே கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டுகிறது. ராபர்ட் பிரவுன் என்ற மாணவர் அதைத் திருப்பிப் போட்டார். அடுத்து வரப்போகிற வேலை எது என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, அதுவரைக்கும் நிம்மதியாகத் தூங்கினால் என்ன? தெருவுக்குத் தெரு விசில் ஊதிக்கொண்டு சுற்றுகிற கூர்க்காவுக்குப் பதில் ஓர் அலாரம் கடிகாரம். பிற்பாடு 1987-ல் பால் விக்ஸி எழுதிய க்ரான் உலகம் முழுக்கப் பரவியது.

வரிசைக்கு ஆள் வந்தாயிற்று, நேரத்துக்கும் ஆள் வந்தாயிற்று. ஒரு வேலைக்கு மட்டும் ஆள் இல்லை. காகிதம் மாட்டிக்கொண்டால் யார் வந்து சொல்வது?

எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் இந்தக் கேள்வியால் ஒருவருக்குக் கோபம் வந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன். அவர்களுடைய பிரிண்டர் இருந்தது வேறு மாடியில். அச்சுக்கு அனுப்பிவிட்டு அரைமணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், நாலு பக்கத்தோடு காகிதம் சிக்கி நிற்கும். பின்னால் பத்துப் பேருடைய வேலை வரிசையில் கிடக்கும். ஒவ்வொருவரும் 'அடுத்தவன் சரி செய்வான்' என்று இருந்திருப்பார்கள். பழைய பிரிண்டரின் மென்பொருளில் ஸ்டால்மன் ஒரு திருத்தம் செய்து வைத்திருந்தார். காகிதம் சிக்கினால், வரிசையில் காத்திருக்கிற எல்லோருடைய திரையிலும் செய்தி போகும். யாராவது ஒருத்தர் எழுந்து போவார். எளிய வழி, நல்ல வழி.

1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு புது லேசர் பிரிண்டரை அன்பளிப்பாகக் கொடுத்தது. வேகம் அபாரம். ஆனால் மென்பொருளின் மூல நிரல் கூட வரவில்லை. பழைய திருத்தத்தை இதில் செய்ய முடியாது. அந்த நிரல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, நேரில் போய்க் கேட்டார் ஸ்டால்மன். யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று கையை விரித்துவிட்டார் அவர். அந்தக் கோபம் ஆறவில்லை. 1983 செப்டம்பரில் குனூ திட்டத்தை ஸ்டால்மன் அறிவித்தார். 1984 ஜனவரியில் எம்.ஐ.டி. வேலையை விட்டார். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வேர்களைத் தோண்டிக்கொண்டே போனால், சிக்கிக்கொண்ட ஒரு காகிதம் கிடைக்கிறது!

இப்போது வீட்டுக்கு வருவோம். 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கொறித்துக்கொண்டிருந்தால், நீங்கள் டீ குடித்துவிட்டு வரலாம். 1983-ல் வந்த டாஸ் இரண்டாம் பதிப்பில் 'பிரிண்ட்' என்று ஒரு கட்டளை வந்தது. பின்னணியில் அச்சு, முன்னணியில் உங்கள் வேலை. இருபது வருடம் முன்னால் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த வித்தை, குட்டியூண்டு வடிவத்தில் மேஜைக்கு வந்துவிட்டது. கடிகாரக்காரர் வருவதற்குத்தான் கொஞ்சம் தாமதம். விண்டோஸ் 95-க்குத் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் ப்ளஸ் தொகுப்பில் சிஸ்டம் ஏஜென்ட் என்ற பெயரில் வந்தார். விண்டோஸ் 98-ல் டாஸ்க் ஷெட்யூலர் என்று பெயர் மாற்றிக்கொண்டு, வீட்டோடு தங்கிவிட்டார்.

ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு கெட்ட பழக்கம். ராத்திரி அணைத்துவிடுகிறோம். பெல் ஆய்வகத்துக் கம்ப்யூட்டர் அணைவதில்லை. க்ரானுக்கு 'நான் தூங்கிவிட்டேன், மன்னிக்கவும்' என்ற பேச்சே கிடையாது. ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் அணைந்திருந்தால், அந்த ஆறு மணி போனது போனதுதான். விட்டுப்போன வேலையை எழுந்ததும் செய்கிற அனக்ரான் என்ற தம்பி லினக்ஸில் பிறந்தது இதற்காகத்தான். விண்டோஸ் ஷெட்யூலரிலும் அதற்கு ஒரு கட்டம் உண்டு. நேரம் தவறிப்போனால் முடிந்தவரை சீக்கிரம் செய் என்று அதில் டிக் போட வேண்டும். கம்ப்யூட்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்பு என்று இன்னொரு கட்டம். லேப்டாப்காரர்கள் மூன்றாவதாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளக்கில் செருகியிருந்தால் மட்டும் வேலை செய் என்ற கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைத்திருப்பார்கள். இது தெரியாமல் பேட்டரியில் விட்டுவிட்டு, பக்கம் வரவில்லையே என்று திட்டிக்கொண்டிருப்போம்.

இன்னொரு குறுக்கு வழியும் விண்டோஸில் இருக்கிறது. பிரிண்டரின் ப்ராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு என்ற பக்கத்துக்குப் போனால், இந்தப் பிரிண்டர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும் வேலை செய்யலாம் என்று குறிக்க இடம் உண்டு. ஒரே பிரிண்டரை இரண்டு பெயரில் சேர்த்துவிட்டு, ஒன்றுக்கு மட்டும் காலை ஆறிலிருந்து ஏழு வரை என்று குறித்துவிடுங்கள். ராத்திரி பன்னிரண்டுக்கு நூறு பக்கம் அனுப்பினாலும், ஸ்பூலர் அதைப் பத்திரமாக வைத்திருந்து விடிந்ததும்தான் அச்சடிப்பார். குழந்தை தூங்குகிற வீட்டுக்கு ரொம்ப உபயோகம்.

லினக்ஸிலும் ஆப்பிளிலும் கப்ஸ் என்ற அச்சு முறை. அதில் எல்.பி. என்ற கட்டளையோடு ஹெச் என்ற எழுத்தைச் சேர்த்து நேரத்தைச் சொன்னால், அதுவரை வேலையை நிறுத்தி வைக்கும். இதில் ஒரு வேடிக்கை. அது நம்மூர் நேரத்தைப் பார்ப்பதில்லை. உலகப் பொது நேரத்தைத்தான் பார்க்கும். ஆறு மணி என்று எழுதினால், சென்னையில் பதினொன்றரைக்கு அச்சாகும். விடிகாலை ஆறுக்கு வேண்டுமென்றால் 00:30 என்று எழுதவேண்டும். பிரிண்டர் கெட்டுப்போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சரி, இரானுக்குப் போகலாமா?

2010 ஜூனில், பெலாரூஸ் நாட்டைச் சேர்ந்த வைரஸ்பிளோக்அடா என்ற சின்ன ஆன்டி-வைரஸ் நிறுவனம் ஒரு விநோதமான வைரஸைப் பிடித்தது. பின்னால் அதற்கு ஸ்டக்ஸ்நெட் என்று பெயர் வந்தது. இரானின் நடான்ஸ் ஆலையில் யுரேனியத்தைச் செறிவூட்டுகிற சென்ட்ரிஃப்யூஜ்களைத் தாறுமாறான வேகத்தில் சுழலவிட்டு நாசம் செய்வதற்காகவே எழுதப்பட்ட வைரஸ். சுமார் ஆயிரம் சென்ட்ரிஃப்யூஜ்கள் மாற்றப்பட்டதாக மதிப்பீடு. விண்டோஸில் அதுவரை யாரும் அடைக்காத நான்கு ஓட்டைகளை அது பயன்படுத்தியது. நான்கில் ஒன்று பிரிண்ட் ஸ்பூலரில். இன்னொன்று டாஸ்க் ஷெட்யூலரில்.

ஸ்பூலர் ஓட்டையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஸ்பூலர் என்பவர் விண்டோஸுக்குள் சாதாரண ஊழியர் இல்லை. எல்லோருடைய வேலையையும் வாங்கி வைக்கவேண்டும் என்பதால் அவருக்கு உச்சபட்ச அதிகாரம் கொடுத்திருந்தார்கள். எந்தக் கதவும் அவருக்குத் திறக்கும். ஒரு கம்ப்யூட்டரின் பிரிண்டரை மற்றவர்களும் உபயோகிக்கும்படி பகிர்ந்திருந்தால், முன்பின் தெரியாத விருந்தாளிகூட அவரிடம் அச்சு வேலை கொடுக்கலாம். ஸ்டக்ஸ்நெட் விருந்தாளியாக வந்து வேலை கொடுத்தது. 'ஆனால் காகிதத்தில் வேண்டாம். இந்தப் பெயரில் ஒரு கோப்பாக அச்சடித்துவிடு. இடம், விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டர்.' யார் நீ, அங்கே எழுத உனக்கு உரிமை இருக்கிறதா என்று ஸ்பூலர் கேட்கவே இல்லை. தன் சாவியைப் போட்டுத் திறந்து எழுதிக் கொடுத்துவிட்டார். வைரஸ் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த ஓட்டையைப் பற்றி 2009 ஏப்ரலிலேயே போலந்தின் ஹாக்கின்9 என்ற பத்திரிகையில் கட்டுரை வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அதை அடைத்தது 2010 செப்டம்பரில்.

ஷெட்யூலர் ஓட்டை இன்னும் அழகு. கணக்கு எழுதுகிறவர்களுக்கு உடனே புரியும். ஒவ்வொரு வேலையையும் யார் அதிகாரத்தில் செய்வது என்று ஒரு கோப்பில் எழுதி வைத்திருப்பார் ஷெட்யூலர். யாராவது அதைத் திருத்திவிட்டால்? கண்டுபிடிக்க ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. கோப்பில் உள்ள எல்லாவற்றையும் வைத்துப் போடுகிற ஒரு வகைக் கூட்டுத்தொகை. ஆனால் அந்தக் கூட்டுத்தொகை முறை, தற்செயலான பிழையைக் கண்டுபிடிக்க ஏற்பட்டது. திருடனைப் பிடிக்க இல்லை. ஸ்டக்ஸ்நெட் என்ன செய்தது? சாதாரண ஆசாமியின் பெயரை அடித்துவிட்டு, உச்ச அதிகாரியின் பெயரை எழுதியது. அப்புறம் கோப்பின் கடைசியில் அர்த்தமில்லாத சில எழுத்துகளைச் சேர்த்து, பழைய கூட்டுத்தொகையே வருகிற மாதிரி செய்துவிட்டது. பேரேட்டில் ஒரு தொகையை மாற்றிவிட்டு, அடியில் ஒரு பொய்க் கணக்கு எழுதி டோட்டலை ஒப்பேற்றுகிற குமாஸ்தாவின் அதே வேலை! 2010 டிசம்பரில்தான் இதற்கு மருந்து வந்தது. இலக்கு என்னவோ இரான்தான். ஆனால் சைமன்டெக் நிறுவனத்தின் கணக்குப்படி, வைரஸ் பரவிய நாடுகளில் இரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்த இடம் இந்தியாவுக்கு.

அதோடு தீர்ந்ததா? இல்லை. 2021 ஜூன் கடைசியில் அதே ஸ்பூலரில் இன்னொரு ஓட்டை தெரியவந்தது. பிரிண்ட்நைட்மேர் என்று பெயரே வைத்தார்கள். ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் 7-க்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசர மருந்து கொடுக்கவேண்டி வந்தது. அமெரிக்க அரசு தன் அலுவலகங்களின் முக்கியமான சர்வர்களில் ஸ்பூலரையே நிறுத்திவைக்கச் சொன்னது. காரணம் எளிமையானது. அந்த சர்வர்களில் யாரும் எதையும் அச்சடிப்பதில்லை. ஆனாலும் அந்தச் சிப்பந்தி வருடக்கணக்காக அங்கே சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தார்.

இப்போது டாக்கா. 2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. பங்களாதேஷில் வார விடுமுறை. மத்திய வங்கியில் ஸ்விஃப்ட் அறையில் ஒரு பிரிண்டர். உலக வங்கிகளோடு நடக்கிற பணப் பரிமாற்றச் செய்திகளை ராத்திரி பகலாகத் தானே அச்சடித்துக்கொண்டிருப்பது அதன் வேலை. யாரும் பட்டனைத் தட்ட வேண்டாம். காலையில் வருகிற அதிகாரி, தட்டில் கிடக்கிற காகிதங்களை எடுத்துப் பார்ப்பார். அன்றைக்கு வந்து பார்த்தால், தட்டு காலி.

பிரிண்டர் முன்பும் மக்கர் செய்திருக்கிறது. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தோம் என்று பிற்பாடு போலீஸிடம் சொன்னார் பொறுப்பில் இருந்த அதிகாரி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரிண்டர் அச்சடிக்கவில்லை என்றால் திருட்டு என்று எவருக்காவது தோன்றுமா? உங்களுக்குத் தோன்றுமா? ஆனால் நடந்தது அதுதான். முந்தின நாள் வியாழக்கிழமை இரவு, வங்கியின் கம்ப்யூட்டர்களில் ஏற்கெனவே புகுந்திருந்தவர்கள், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியிலிருந்த பங்களாதேஷின் பணத்தை மாற்றச் சொல்லி 35 உத்தரவுகளை அனுப்பியிருந்தார்கள். மொத்தம் 951 மில்லியன் டாலர். அந்த உத்தரவுகளின் நகல் காகிதத்தில் வந்துவிடக்கூடாதே? அதற்கும் வழி செய்திருந்தது அவர்களுடைய நிரல். அச்சுக்குப் போகிற கோப்புகளை வழிமறித்து, உள்ளே இருப்பதையெல்லாம் பூஜ்யமாக்கிவிட்டது.

நாள் பார்த்து வைத்திருந்தார்கள் பாருங்கள். டாக்காவில் வெள்ளி, சனி விடுமுறை. நியூயார்க்கில் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. பிரிண்டரை உயிர்ப்பித்தபோது, அதிலிருந்து வந்து விழுந்தவை நியூயார்க் வங்கியின் கேள்விகள். இவ்வளவு பணத்தையும் மாற்றச் சொன்னது நிஜமாகவே நீங்கள்தானா? டாக்காவிலிருந்து பதற்றத்தோடு தொடர்புகொண்டால், நியூயார்க்கில் வார விடுமுறை. எடுக்க ஆள் இல்லை.

35 உத்தரவுகளில் பெரும்பாலானவை நியூயார்க்கிலேயே தடுக்கப்பட்டன. ஐந்து போய்விட்டன. இலங்கைக்குப் போன 20 மில்லியன் டாலர், பெறுகிற அமைப்பின் பெயரில் ஃபவுண்டேஷன் என்பதை ஃபண்டேஷன் என்று தப்பாக எழுதியிருந்ததால் சந்தேகம் கிளம்பித் திரும்பி வந்தது. மணிலாவுக்குப் போன 81 மில்லியனில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் நுழைந்து காணாமல் போனது. 2018-ல் அமெரிக்க நீதித்துறை வட கொரியாவைச் சேர்ந்த ஒரு புரோகிராமர் மீது குற்றம் சாட்டியது.

எம்.ஐ.டி.யில் ஸ்டால்மன் கேட்டதும் இதைத்தானே? அச்சாகவில்லை என்றால், அதை யாராவது வந்து சொல்லவேண்டும்.

உங்கள் வீட்டுத் திங்கள்கிழமைப் பக்கத்துக்கு ஒரு யோசனை. அச்சடிக்கிற பக்கத்தின் தலையில் அன்றைய தேதியும் விழுகிற மாதிரி அமைத்துவிடுங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் அதற்கு வழி உண்டு. பக்கங்களைக் கிழித்துப் போடாமல் பிரிண்டருக்குப் பக்கத்திலேயே அடுக்கி வையுங்கள். பின்பக்கம் பால் கணக்கு எழுதவும் ஆகும். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். நடுவே ஒரு திங்கட்கிழமை விட்டுப்போயிருந்தால் முதலில் பிளக், அப்புறம் அந்த பேட்டரிக் கட்டம், அப்புறம் காகிதத் தட்டு. மூன்றும் சரியாக இருந்தால், கம்ப்யூட்டரில் கடைசியாக எப்போது அப்டேட் போட்டீர்கள் என்று பாருங்கள்.